4060 எண்டு எழுதியிருந்தா லப்டொப்பிலயும் டெஸ்க்டொப்பிலயும் ஒரே வேகமா?

கல்முனை_எடிட்டர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கலியாண வீடியோ எடிட்டிங்குக்கும் இடைக்கிடை பிளெண்டரில 3டி வேலைக்கும் ஒரு மெசின் எடுக்க வேணும். பாவிக்கிறது ரிசோல்வ் ஸ்டூடியோ எண்ட எடிட்டிங் மென்பொருள், டைம்லைன் 4கே. கையில 4 இலட்சம் அளவில இருக்கு. என்விடியா 4060 கிராபிக்ஸ் கார்ட் போட்டதாப் பாக்கிறன்.

ஒரு கடையில "லப்டொப் 4060உம் டெஸ்க்டொப் 4060உம் ஒண்டுதான் தம்பி, லப்டொப்ப எடுங்க" எண்டு சொல்றாங்க. இன்னொரு கடையில லப்டொப் கார்ட் பாதி வேகம்தான் எண்டு சொல்றாங்க. எது சரி? கொஞ்சம் கூடக் குடுத்து 4070 லப்டொப் எடுத்தா டெஸ்க்டொப் 4060ஐத் தாண்டுமா?

வீட்டில ஏசி இல்ல. கச்சான் அடிக்கிற காலத்தில பின்னேரம் அறைக்குள்ள 33, 34 பாகை நிக்கும். கரண்ட்டும் போய் வரும். அதையும் சேத்துச் சொல்லுங்க.

வாவிக்கரை

ரெண்டு கடை சொன்னதும் ஏதோ ஒரு மெசினுக்குப் பொருந்தும். பிரச்சினை என்னெண்டா, "லப்டொப் 4060" எண்ட பேரில ஒரே வேகமுள்ள ஒரே சாமான் இல்ல.

சிப்பைப் பாத்தா ரெண்டும் ஒண்டுதான்: ஏடி107 (சிப்பின்ட பேர்), 3072 கூடா கோர் (கணக்குப் போடுற சின்னப் பகுதிகள்), 8 ஜிபி மெமரி, 128 பிட் (மெமரிக்குப் போற பாதையின்ட அகலம்). டெஸ்க்டொப் கார்டுக்கு என்விடியா வைச்ச அளவு 115 வாட். லப்டொப்புக்கு 35 வாட்டில இருந்து 115 வாட் வரைக்கும் கம்பனி விரும்பின அளவில வைக்கலாம், அதுக்கு மேல டைனமிக் பூஸ்ட் எண்டு புரொசசரின்ட பங்கில இருந்து 25 வாட் வரை எடுக்கலாம். அதால 60 வாட்டில ஓடுற மெல்லிய லப்டொப்பிலயும் 4060 ஸ்டிக்கர், 140 வாட்டில ஓடுற தடிச்ச லப்டொப்பிலயும் அதே 4060 ஸ்டிக்கர்.

வாட் பாதியானா வேகமும் பாதியாகும் எண்டு கணக்குப் போட வேணாம். சிப்பை வேகமா ஓட்டுறதுக்கு வோல்ட்டேஜைக் கூட்ட வேணும். வோல்ட்டேஜ் கூடக் கூடச் செலவாகிற வாட் அதின்ட வர்க்கத்தில ஏறும். உச்சியில கடைசி 20, 30 வாட்டும் தாறது கொஞ்ச மெகாஹெர்ட்ஸ்தான். அதாலதான் 100 வாட்டும் அதுக்கு மேலயும் உள்ள லப்டொப் 4060, டெஸ்க்டொப் 4060க்கு 10 சதவீதம் அளவில கிட்ட வந்து நிக்குது. 100ஐத் தாண்டி 140 குடுத்தாலும் பெரிசா ஒண்டும் கூடாது. 60க்குக் கீழ போனாத்தான் உண்மையில விழும். உங்களுக்குப் "பாதி" எண்டு சொன்னவர் அப்பிடி ஒரு மெல்லிய லப்டொப்பைப் பாத்திருப்பார்.

4070இல இருந்து மேல போனா கதை வேற. அங்க வாட் மட்டுமில்ல, சிப்பே வேற. லப்டொப் 4070இல இருக்கிறது ஏடி106, 4608 கோர், 8 ஜிபி, 128 பிட். டெஸ்க்டொப் 4070இல ஏடி104, 5888 கோர், 12 ஜிபி, 192 பிட், 200 வாட். லப்டொப் 4070ஐ ஒப்பிட வேண்டியது டெஸ்க்டொப் 4060 டிஐயோட (அதே ஏடி106, 4352 கோர்). மேல போகப் போக இடைவெளி அகலும். லப்டொப் 4090இல 9728 கோரும் 16 ஜிபியும். அது டெஸ்க்டொப் 4080இன்ட அளவு. டெஸ்க்டொப் 4090 எண்டா 16384 கோர், 24 ஜிபி, 450 வாட். அவ்வளவு சூட்டை ஒரு லப்டொப்புக்குள்ள இருந்து வெளியேத்த வழியே இல்ல. வேற சிப் போடுறதில பிழை இல்ல, அதே பேரைப் போடுறதுதான் பிழை.

50 வரிசையிலயும் இதுதான். லப்டொப் 5070உம் டெஸ்க்டொப் 5060 டிஐயும் ஒரே அளவு, 4608 கோர். ஆனா லப்டொப்பில 8 ஜிபிதான் வரும், டெஸ்க்டொப் 5060 டிஐ 16 ஜிபியிலயும் எடுக்கலாம்.

முந்தி லப்டொப் கார்டுக்குப் பேருக்குப் பின்னால "எம்" எண்டு ஒரு எழுத்து இருந்தது, 980எம் மாதிரி. 2016இல 10 வரிசை வரக்குள்ள அதை எடுத்துட்டாங்க. அந்த நேரம் லப்டொப்பும் டெஸ்க்டொப்பும் உண்மையிலயே கிட்டக்கிட்ட இருந்தது, எடுத்ததில நியாயம் இருந்தது. மறுகா இடைவெளி திரும்ப வந்தது, எழுத்துத் திரும்ப வரல்ல.

ஆகவே உங்கட 4070 கேள்விக்கு: ஓம், நல்ல வாட் குடுத்த லப்டொப் எண்டா தாண்டும். ஆனா மெமரி 4060இல இருக்கிற அதே 8 ஜிபி. 4கே டைம்லைனில டெம்பரல் நொய்ஸ் ரிடக்சன் (பக்கத்து ஃப்ரேம்களைப் பாத்துப் படத்தின்ட இரைச்சலை நீக்கிறது) போட்டா ரிசோல்வ் "ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) மெமரி நிரம்பிட்டு" எண்டு நிக்கிறது கோர் போதாமல் இல்ல, மெமரி போதாமல். அதுக்கு 4070 லப்டொப் ஒரு மருந்தும் இல்ல.

ஏறாவூர்_சர்வீஸ்

வாவிக்கரை சொன்னது சரி தம்பி. நான் சூட்டைச் சொல்றன், நம்மட பக்கத்துக்கு அதுதான் முக்கியம்.

யூடியூப்பில பாக்கிற ரிவியூ எல்லாம் 22, 23 பாகை அறையில செஞ்சது. உங்கட அறை 34. ஆகலும் குறைஞ்சது 10 பாகை வித்தியாசம், அது அப்பிடியே சிப்பின்ட சூட்டிலயும் ஏறும். அங்க 65 பாகையில நிக்கிற டெஸ்க்டொப் கார்ட் இங்க 75இல நிக்கும். அதுக்கு ஒண்டும் நடக்காது, விசிறி கொஞ்சம் கூடச் சுத்தும், அவ்வளவுதான். அங்க 80இல நிக்கிற லப்டொப் இங்க 90க்குப் போகப் பாக்கும். 87 அளவில கனக்க லப்டொப்புக்கு எல்லை வைச்சிருக்கு. அதைத் தொட்டவுடன தானே வாட்டைக் குறைச்சுப் போடும். 10 சதவீத வித்தியாசம் எண்டு வாவிக்கரை சொன்னது குளிர் அறையில. கச்சான் நேரத்தில, புரொசசரும் கார்டும் ஒரே செப்புக் குழாயில சூட்டைக் கொட்டிக்கொண்டு இருக்கக்குள்ள, அது கூடும். எடிட்டிங் எண்டா ரெண்டும் சேந்துதான் வேலை செய்யும்.

லப்டொப்தான் எடுக்கிற எண்டா கடையில வைச்சே இதைப் பாருங்க. முதல்ல என்விடியா கண்ட்ரோல் பெனல் திறந்து, இடப் பக்கம் கீழ இருக்கிற சிஸ்டம் இன்ஃபர்மேசனை அமத்துங்க. "மாக்சிமம் கிராபிக்ஸ் பவர்" எண்டு ஒரு வரி இருக்கும். அதில 100க்குக் குறைஞ்சா வேற மொடல் கேளுங்க. அடுத்தது, லப்டொப்போட வந்த சார்ஜரைக் குத்தி, கம்பனி மென்பொருளில பெர்ஃபோமன்ஸ் மோடைப் போட்டு, யூனிஜின் ஹெவனை (கார்டுக்குப் பாரம் குடுத்துப் பாக்கிற சோதனை மென்பொருள்) 20 நிமிசம் ஓட விடுங்க. பக்கத்தில ஜிபியூ-ஸெட் (கார்டின்ட விபரம் காட்டுற மென்பொருள்) திறந்து சென்சர் பக்கத்தில "பேர்ஃப்காப் ரீசன்" (வேகத்தைத் தடுக்கிற காரணம்) வரியைப் பாத்துக்கொண்டு இருங்க. பவர் எண்டு காட்டினா வாட் எல்லையில நிக்குது, அது சாதாரணம். தேர்மல் எண்டு காட்டினா சூட்டில மூச்சு வாங்குது. கடையில ஏசி ஓடிக்கொண்டிருக்கிற நேரத்திலயே தேர்மல் எண்டு காட்டினா அந்த மெசின் கல்முனைக்கு வேணாம்.

5 நிமிசம் ஓட்டிப் பாத்துட்டு நிப்பாட்ட வேணாம். செப்பும் அலுமினியமும் சூடேறி நிலைக்கு வர 10, 15 நிமிசம் போகும். முதல் 5 நிமிசம் எல்லா லப்டொப்பும் நல்லாத்தான் ஓடும்.

இன்னொண்டு, கடல் காத்து. காத்தான்குடி, கல்லடி, கல்முனை எல்லாம் கரையோட இருக்கிற ஊர். உப்பும் ஈரமும் தூசியோட சேந்து ஹீட்சிங்க் (சூட்டை வெளியேத்திற) தகட்டில பசை மாதிரி ஒட்டும், சும்மா ஊதினாப் போகாது. டெஸ்க்டொப் எண்டா பக்கக் கதவைக் கழட்டி மாசம் ஒருக்கா பிரசால தட்டலாம். லப்டொப்பை 6 மாசத்துக்கு ஒருக்காவாவது பின் மூடி கழட்டித் துடைக்க வேணும். ஊதக்குள்ள விசிறி இறக்கையை விரலால பிடிச்சுக்கொள்ளுங்க. தன் பாட்டில கடுமையாச் சுத்த விட்டா பேரிங் போகும். துடைக்கிறதுக்கு 99 சதவீத ஐசோபுரொபைல் அற்ககோல் மட்டும்.

கல்முனை_எடிட்டர்

நன்றி வாவிக்கரை அண்ணன், நன்றி நானா. இப்ப டெஸ்க்டொப் பக்கம் மனம் சாயுது. ஆனா ரெண்டு விசயம் சொல்ல மறந்துட்டன். கமெரா 10 பிட், 4:2:2, எச்.265இல பதியுது (நிற விபரம் கூட வைச்சுச் சுருக்கிற முறை). மற்றது, மாசத்தில ரெண்டு மூண்டு தரம் மண்டபத்தில வைச்சே அண்டைக்கே ஹைலைட்ஸ் வெட்டிப் போட வேண்டி வருது. டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு போக ஏலாதே. கையில எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட பழைய லப்டொப் ஒண்டு இருக்கு.

வந்தாறுமூலை_3டி

4:2:2 எண்டதை முதல்லயே சொல்லியிருந்தா பதில் வேற மாதிரித் தொடங்கியிருக்கும். அதுதான் உங்கட தெரிவையே மாத்துது.

என்விடியா 40 வரிசையில, லப்டொப் எண்டாலும் டெஸ்க்டொப் எண்டாலும், 4:2:2 வீடியோவை வன்பொருளால பிரிக்கிற பகுதி இல்ல. 4060இல இருந்து 4090 வரைக்கும் ஒண்டிலயும் இல்ல. அப்ப முழுப் பாரமும் புரொசசரில விழும், டைம்லைன் இழுபடும். கார்ட் 10 சதவீதத்தில சும்மா நிக்கும், நீங்க கார்டைக் குறை சொல்லிக்கொண்டு இருப்பீங்க. 50 வரிசையில என்விடியா அதைச் சேத்திருக்கு. இன்டெலில 11ஆம் தலைமுறையில இருந்து உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸில குயிக் சிங்க் எண்ட வீடியோப் பகுதி அதைச் செய்யும். ரிசோல்வ் ஸ்டூடியோவும் பிரீமியரும் அதைப் பாவிக்கும்.

இதில ரெண்டு இடத்தில ஆக்கள் வழுக்கிறாங்க.

டெஸ்க்டொப்பில: விலை குறைவு எண்டு ஐ5-12400எஃப் எடுப்பாங்க. "எஃப்" எழுத்து இருந்தா உள் கிராபிக்ஸ் இல்ல, குயிக் சிங்க்கும் இல்ல. வெறும் 12400 எடுக்க வேணும். எடுத்தாலும், கார்ட் குத்தினவுடன சில மதர்போர்ட் உள் கிராபிக்ஸைத் தானே நிப்பாட்டிப் போடும். பயோசில (மெசின் தொடங்கக்குள்ள திறக்கிற அமைப்புப் பக்கம்) போய் அதை "எனேபிள்" ஆக்கி வைக்க வேணும். டாஸ்க் மனேஜரில ஜிபியூ 0, ஜிபியூ 1 எண்டு ரெண்டும் தெரிஞ்சாத்தான் சரி.

லப்டொப்பில: மக்ஸ் சுவிட்ச் (திரை எந்தக் கிராபிக்ஸில ஓட வேணும் எண்டு மாத்திற வசதி) இருக்கிற மொடல்களில "என்விடியா மட்டும்" எண்ட மோட் ஒண்டு இருக்கு. கேம் ஆடுறவங்களுக்கு அது நல்லம், ஏனெண்டா சாதாரண மோடில கார்ட் செய்யிற ஒவ்வொரு ஃப்ரேமும் உள் கிராபிக்ஸ் வழியாத்தான் திரைக்குப் போகும், அதில வேகம் குறையும். ஆனா "என்விடியா மட்டும்" மோடைப் போட்டா உள் கிராபிக்ஸ் அணைஞ்சு போகும், குயிக் சிங்க்கும் சேந்து போகும். எடிட் பண்ணக்குள்ள திரும்ப ரெண்டும் ஓடுற ஹைபிரிட் மோடுக்கு மாத்த வேணும். பொதுவா ரீஸ்டார்ட் கேக்கும்.

லப்டொப்பை நான் அப்பிடியே ஒதுக்க மாட்டன். கம்பசில படிக்கிற, விடுதியில இருக்கிற பிள்ளைகளுக்கு வேற வழி இல்ல. 100 வாட் 4060 லப்டொப் பிளெண்டருக்கு நல்ல மெசின். ரேம் மட்டும் ஒத்தைத் துண்டா வந்தா இன்னொண்டு வாங்கிப் போட்டு ரெண்டாக்க வேணும், ஒத்தைத் துண்டில ஓடினா நல்ல கார்டும் புரொசசருக்காகக் காத்துக்கொண்டு நிக்கும். சூட்டுக்கு ஆஃப்டர்பேர்னர் எண்ட மென்பொருளில கண்ட்ரோல்+எஃப் அமத்தி வோல்ட்டேஜ்-வேக வளைவைத் திறந்து, 0.9 வோல்ட் புள்ளியை 2300 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உயத்தி, அதுக்கு வலப் பக்கம் உள்ளதை எல்லாம் அதே மட்டத்துக்குத் தட்டையாக்கினா, வேகம் பெரிசா விழாமல் வாட் நல்லாக் குறையும். வேலை நடுவில நிண்டுபோனா 30, 30 மெகாஹெர்ட்ஸாக் குறைச்சுப் பாருங்க. சில கம்பனி இதைப் பூட்டி வைச்சிருக்கும்.

ஆனா உங்கட வேலைக்கு நான் சொல்றது டெஸ்க்டொப். 5060 டிஐ 16 ஜிபி, எஃப் இல்லாத இன்டெல் புரொசசர். பிளெண்டரில சீன் 8 ஜிபியைத் தாண்டினா சைக்கிள்ஸ் (பிளெண்டரின்ட ரெண்டர் பகுதி) ஒண்டில் "அவுட் ஆஃப் மெமரி" எண்டு நிக்கும், இல்லாட்டி மெசின் ரேமைக் கடன் எடுத்துக்கொண்டு ஊர்ந்து போகும். மண்டபத்துக்கு அந்தப் பழைய லப்டொப் காணும். கமெரா மெமரி கார்டில இருந்து கொப்பி பண்ணினவுடன ரிசோல்வில 1080 புரொக்சி (வெட்டுறதுக்கு மட்டும் பாவிக்கிற பாரம் குறைஞ்ச கொப்பி) ஆக்குங்க. 4:2:2 எட்டாம் தலைமுறைக்கு ஏலாது, ஆனா புரொக்சியை ஓட்டும். புரொக்சி ஆகிற நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், அதால தேவையான கிளிப்பை மட்டும் தெரிஞ்சு ஆக்குங்க. கமெராவிலயே புரொக்சி பதியிற வசதி இருந்தா அதைப் போட்டுக்கொண்டு எடுக்கிறது இன்னும் நல்லம், அந்தக் காத்திருப்பும் இல்ல. ஹைலைட்ஸை 1080இல குடுத்தா மண்டபத்துத் திரையில ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்ட வந்து அதே புரொஜெக்டை டெஸ்க்டொப்பில திறந்து மூல கிளிப்போட இணைச்சா 4கேயில வரும்.

பெரிய லப்டொப் எடுத்தாலும் மண்டபத்தில பிளக் பொயின்ட் கிடைக்காட்டி அது 4060 மாதிரி ஓடாது. பட்டரி மட்டும் எண்டா கார்டுக்குப் போற வாட் சடார் எண்டு விழும், 230 வாட் சார்ஜரின்ட வேலையைப் பட்டரி செய்யாது. டைப் சி 100 வாட் சார்ஜரும் அப்பிடித்தான்.

ஒலுவில்_யூபிஎஸ்

கரண்ட் பற்றி ஒருத்தரும் சொல்லல்ல, அதை நான் சொல்றன். லப்டொப்பின்ட உண்மையான வெற்றி இதுதான்: கரண்ட் போனாலும் வேலை அழியாது, வேகம் குறைஞ்சாலும் சேவ் பண்ணிட்டு மூடலாம். டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் காசையும் சேத்துத்தான் விலையைக் கணக்குப் பாக்க வேணும்.

கணக்கு இப்பிடி. 5060 டிஐ 180 வாட், 12400 உச்சத்தில 117 வாட், போர்ட், எஸ்எஸ்டி, விசிறி எல்லாம் 40, 50. பவர் சப்ளையில இழக்கிறதையும் மொனிட்டரையும் சேத்தா சுவரில 400 வாட்டுக்குக் கிட்ட. கடையில முதல்ல தூக்கித் தாற 650 விஏ யூபிஎஸ் தாங்கிறது 360, 390 வாட் அளவில. ரெண்டர் ஓடிக்கொண்டு இருக்கக்குள்ள கரண்ட் போனா அது கீச்சிட்டு அணைஞ்சிடும். விஏ இலக்கத்தைப் பாக்காதீங்க, பின் பக்கம் சின்ன எழுத்தில இருக்கிற வாட் இலக்கத்தைப் பாருங்க. 600 வாட்டுக்குக் குறையாமல் எடுங்க, 1000 விஏ, 1200 விஏ எண்டு வாறதில பாத்து எடுக்கலாம். நல்ல பவர் சப்ளைகளில ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட்டை ஒழுங்கா இழுக்கிற சுற்று) இருக்கும். மலிவான யூபிஎஸ் பட்டரியில தாற சதுர அலையை அதுகளில சிலது ஏத்துக்கொள்ளாது, யூபிஎஸ் வேலை செய்தும் மெசின் நிண்டுபோகும். வாங்கின அண்டைக்கே ஹெவனை ஓட விட்டுட்டு யூபிஎஸ் பிளக்கை இழுத்துப் பாருங்க. அப்ப நிண்டா அப்பவே மாத்தலாம்.

மாரியில இடி மின்னல் நேரம் பிளக்கைக் கழட்டினாக் காணாது, ரவுட்டரில இருந்து வாற லான் வயரையும் கழட்டுங்க. அதுக்குள்ளாலயும் வந்து போர்ட்டை எரிக்கும்.

மின் பில் பாக்கிற எண்டா, 350 வாட் மெசினில 6 மணித்தியாலம் ரெண்டர் ஓட்டினா 2.1 யூனிட். 180 வாட் லப்டொப் அதே 6 மணித்தியாலத்துக்கு 1.08. ஆனா டெஸ்க்டொப் அந்த ரெண்டரை முந்தியே முடிக்கும், வித்தியாசம் கடதாசியில தெரியிற அளவு வராது.

ஏறாவூர்_சர்வீஸ்

வாரண்டியும் யோசியுங்க. கனக்க சாமானுக்கு வாரண்டி வேலை கொழும்பிலதான் நடக்கும். டெஸ்க்டொப்பில கார்ட் பழுதாப் போனா கார்டை மட்டும் கழட்டி அனுப்பலாம், அதுவரைக்கும் உள் கிராபிக்ஸில மெசின் ஓடும். லப்டொப்பில கார்ட் போர்டோட ஒட்டினது, முழு லப்டொப்பும் போக வேணும், உள்ள இருக்கிற வேலையும் சேந்து. அனுப்ப முதல் சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் படம் எடுங்க, அன்டிஸ்டட்டிக் பையில போட்டு, வந்த பெட்டியிலயே கட்டுங்க.

பாவிச்ச கார்ட் எடுக்கிற யோசனை இருந்தா ஜிபியூ-ஸெட்டைத் திறக்காமல் காசு குடுக்க வேணாம். போலியான என்விடியா கார்டுகளுக்குப் பேருக்கு முன்னால "ஃபேக்" எண்டு அதுவே காட்டும். லப்டொப் சிப்பைக் கழட்டி டெஸ்க்டொப் போர்டில ஒட்டின கார்டும் சந்தையில வருது, "3060எம்" எண்டு. டெஸ்க்டொப் 3060க்கு 3584 கோரும் 12 ஜிபியும். 3840 கோரும் 6 ஜிபியும் காட்டினா அது லப்டொப் சிப். கோர் கூட எண்டு சந்தோசப்பட்டு எடுக்காதீங்க, என்விடியாவின்ட சாதாரண டிரைவர் அதுக்கு ஏறாது, ஒவ்வொரு தரமும் திருத்தின டிரைவர் தேட வேண்டி வரும்.

கல்முனை_எடிட்டர்

முடிவு எடுத்துட்டன், 5060 டிஐ 16 ஜிபியும் வெறும் 12400உம். தெரிஞ்ச ஒருத்தரிட்ட 550 வாட் புரொன்ஸ் பவர் சப்ளை ஒண்டு இருக்கு, அதில ஓட்டலாமா? கேசிங்கும் அவரிட்டயே எடுக்கலாம், சின்னது.

வாவிக்கரை

பாரம் தாங்கும், மேல ஒலுவில் போட்ட கணக்கில மெசின் மட்டும் 350 வாட்டுக்குள்ள. ஆனா என்விடியா அந்தக் கார்டுக்குச் சொல்றது 600 வாட், பாவிச்ச பவர் சப்ளையின்ட வயசும் தெரியாது. 3 வருசத்துக்கு மேல எண்டா விடுங்க, புதுசா 650 வாட் எடுங்க. கனக்க 5060 டிஐ ஒரு 8 பின் வயரில ஓடும். அந்த வயர் பவர் சப்ளையில இருந்து நேரா வர வேணும். டிஸ்குக்குப் போற சாட்டா வயரை 8 பின்னாக்கிற மாத்தி ஒண்டு விக்கிறாங்க, அதைப் போட்டா அந்தச் சின்னப் பின் உருகும்.

கேசிங்கை எடுக்க முதல் உள்ளுக்கு மீட்டர் ரேப்பை வைச்சு அளந்து பாருங்க. மூண்டு விசிறிக் கார்ட் 30 சென்ரிமீட்டருக்கு மேலயும் வரும், ரெண்டு விசிறிக் கார்ட் எண்டா கனக்க 25க்குள்ள. உங்கட அறைச் சூட்டுக்கு முன் பக்கம் கண்ணாடி மூடின கேசிங் வேணாம், வலை போட்டது எடுங்க, முன்னுக்கு ரெண்டு விசிறி, பின்னுக்கு ஒண்டு. போர்ட் பழசு எண்டா பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கிற பாதை) 3தானா எண்டும் கேளுங்க. இந்தக் கார்ட் 8 லேனில மட்டும் ஓடுறது, 3இல போட்டா மெமரி நிரம்பிற நேரத்தில அடி விழும். 12400க்கு வாற எச்610, பி660 போர்டுகளில கார்ட் குத்துற இடம் 4, அதில பயம் இல்ல.